குறிப்பிடத்தக்கது என்று யார் சொல்ல வேண்டும்?

இராயபுரத்தில் இருந்து கடற்கரையை ஒட்டியே வடக்கே போனால் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். எண்ணூரும் முடிகிற இடத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றுவாயை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர்தான் முகத்துவாரக்குப்பம். பெயரிலேயே முகவரி இருக்கிற ஊர்.

அந்த ஊரில் ஒரு கல்லூரி மாணவன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவன் வீட்டில் இருக்கிறது. பாடம், பாட்டு, சினிமா எல்லாம் முடிந்து வீடே தூங்கின பிறகும் அது அணைவதில்லை. இரவு முழுக்க அதன் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் வலைக்குப் போக எழுந்த அவன் அப்பா கேட்டார்.

"இன்னாடா இது, ராவெல்லாம் ஓடுது? கரண்டு பில்லு யார் கட்றது?"

"மழைக் கணக்கு போடுது நைனா."

"எந்த மழை? இன்னிக்குப் பெய்யுமா?"

"அத்த சொல்லாது. சீமையில ஆக்ஸ்போர்டுன்னு ஒரு ஊரு கீது. கணக்க முடிச்சு அங்க அனுப்பும்."

"நம்ம கரண்டுல அவங்களுக்குக் கணக்கா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தன்னார்வக் கணிமை என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. கடிதம் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் கூட அதன் முழு பலமும் தேவைப்படுவதில்லை. அந்த மிச்ச நேரத்தை ஆராய்ச்சிக்குக் கடனாகக் கொடுப்பதுதான் தன்னார்வக் கணிமை. ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கணினியும் தன் துண்டை முடித்துத் திருப்பி அனுப்பும். பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் திட்டம் 1996ல் வந்தது. 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. வானொலித் தொலைநோக்கியில் பதிவான இரைச்சலுக்குள் வேற்றுக்கிரகவாசிகளின் குரல் இருக்கிறதா என்று தேடுகிற வேலை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31ஆம் தேதியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். வேற்றுக்கிரகவாசி யாரும் அகப்படவில்லை! ஆனால் அந்தக் குழுவிடம் இருந்து பாயிங்க் என்ற மென்பொருள் பிறந்தது. அதை வைத்துக்கொண்டு வேறு பல ஆராய்ச்சித் திட்டங்கள் கிளம்பின.

அந்த மாணவன் தேர்ந்தெடுத்தது கிளைமேட்பிரடிக்ஷன்.நெட் என்ற திட்டம். ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி மைல்ஸ் ஆலன் 1999ல் 'நேச்சர்' இதழில் ஒரு யோசனை சொன்னார். பருவநிலைக் கணிப்பை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தாமல் பொதுமக்களின் கணினிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

ஏன் இத்தனை கணினி? தாயம் விளையாடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கட்டையில் யாராவது ஈயம் வைத்து ஏமாற்றுகிறார்களா என்று ஒரே ஒரு தடவை உருட்டிப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் தடவை உருட்டி, தாயம் எத்தனை முறை விழுந்தது என்று எண்ண வேண்டும். பேய்மழையும் அப்படித்தான். இன்றைக்கு இருக்கிற உலகத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, மனிதன் புகையே விடாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அந்தக் கற்பனை உலகத்தையும் அதே மாதிரி ஓட்ட வேண்டும். இரண்டிலும் பேய்மழை எத்தனை தடவை வந்தது என்று ஒப்பிட்டால், கட்டையில் ஈயம் இருக்கிறதா என்று தெரியும். இத்தனை ஓட்டங்களை ஒரே சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டக் காசு யாரிடம் இருக்கிறது? அதனால்தான் முகத்துவாரக்குப்பத்துக் கம்ப்யூட்டர் வரைக்கும் வேலை வந்து சேர்ந்தது.

அவனுக்கு இதில் ஈடுபாடு வரக் காரணம் இருந்தது. 2015 வெள்ளம் அவனுக்குச் சின்ன வயது ஞாபகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து ஆற்றுக்குள் வந்தது. படகு, வலை, சுவர், கை, கால் எல்லாம் கறுப்பு. பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கிற உபரி நீர் கொசஸ்தலை வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மேலே எங்கே மழை கொட்டினாலும் கடைசியில் தண்ணீர் அவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இந்த மழை ஏன் இப்படிப் பெய்கிறது என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். தேடியபோது இந்தத் திட்டம் கிடைத்தது.

சேர்ந்த சில மாதங்களில் இன்னொரு ஆசை வந்தது. இதைப் பற்றித் தமிழில் படிக்க ஒன்றும் அவன் கண்ணில் படவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் தானே ஒரு கட்டுரை எழுதிப் போட்டான். நான்கு பத்தி. எவ்வளவு பெரிய திட்டம், எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள், மனித குலத்துக்கு எவ்வளவு பயன் என்றெல்லாம் உருக்கமாக எழுதியிருந்தான். கீழே சான்றுகளாக ஆறு இணைப்புகள். ஆறும் அந்தத் திட்டத்தின் சொந்த இணையதளத்துப் பக்கங்கள்.

இரண்டாம் நாள் கட்டுரையின் தலையில் ஒரு பட்டை ஏறியிருந்தது. இதன் குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை என்று. அங்கே நெடுநாளாக எழுதுகிற ஒருவர் மரியாதையாகவே எழுதியிருந்தார்: "வணக்கம். இத்திட்டத்தோடு தொடர்பில்லாதவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதிய நம்பகமான சான்றுகள் இருந்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் கட்டுரையை நீக்க நேரிடும்."

அவனுக்குக் கோபம் வந்ததா? வந்தது. எங்கேயோ நடித்த ஒரு படத்துக்காக நடிகருக்குக் கட்டுரை இருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குக் கூடக் கட்டுரை இருக்கிறது. பூமியின் காய்ச்சலை அளக்கிற திட்டத்துக்குத் தகுதி இல்லையா?

வகுப்புத் தோழன் ஒருவன் குறுக்கு வழி சொன்னான். "மச்சி, நாமளே ஒரு வலைப்பக்கம் ஆரம்பிச்சு அதுல எழுதிடுவோம். அப்புறம் அத்தயே சான்றுன்னு காட்டிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?" கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவன் அதை அப்பாவிடம் சிரிப்பாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"என் மீன் நல்ல மீனுன்னு நானே கத்துனா ஏலத்துல வெல ஏறுமா? வாங்குறவன் செவுளத் தூக்கிப் பாத்துட்டு சொல்லணும்."

குறிப்பிடத்தக்கமை என்ற நீளமான வார்த்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. கலைக்களஞ்சியம் ஒரு பொருளின் தராதரத்தைத் தானே எடைபோடுவதில்லை. அந்த வேலையை வெளியில் இருப்பவர்கள் ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் பொது விதி கேட்பது இதுதான்: சான்று விரிவாக இருக்கிறதா? நம்பகமானதா? சம்பந்தமில்லாதவர் எழுதியதா? மொழிக்கு மொழி விதிகளில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அடிப்படை மாறுவதில்லை. சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அவன் ஒரு நீள நோட்டில் கிடைத்ததை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தான்.

திட்டத்தின் சொந்த இணையதளம். சிவப்பு மையில் அடித்தான். விவரம் எடுக்கலாம், சான்றாகாது.

சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. அதையும் அடிக்க வேண்டியிருந்தது. கூட்டம் பெரிது என்பதற்கு எண்ணிக்கை போதும். யாராவது உட்கார்ந்து ஆராய்ந்து எழுதினார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பாயிங்க் மென்பொருளின் புகழ். பாயிங்க் பிரபலம்தான், செட்டி அட் ஹோமும் பிரபலம்தான். ஆனால் தகப்பன் பேரை வைத்துப் பிள்ளைக்குக் கட்டுரை எழுத முடியாது. பாயிங்கில் ஓடுகிற ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று தனிச் சான்று காட்ட வேண்டும். ஒரு பேராசிரியர், ஒரு சர்வர், சில நூறு தன்னார்வலர்கள் என்று நடக்கும் சின்னத் திட்டங்கள் அடிபடுவது இங்கேதான். நல்ல கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். வெளியில் இருந்து யாரும் அதைப் பற்றி ஒரு பக்கம் கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது 1999 நேச்சர் கட்டுரை. உலகப் புகழ் பெற்ற இதழ். ஆனால் எழுதியவர் யார்? திட்டத்தின் யோசனையே அவருடையது. நம்பகத்தன்மை என்ற ஓட்டையைத் தாண்டியது, சம்பந்தமில்லாதவர் என்ற ஓட்டையில் நின்றுவிட்டது.

அதன் பிறகு 2005 ஜனவரியில் வந்த நேச்சர் ஆய்வுக்கட்டுரை. திட்டத்தின் முதல் பெரிய முடிவு இதுதான். 90,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள், 2,500க்கும் மேற்பட்ட ஓட்டங்களை அலசியிருந்தார்கள். காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்பது கேள்வி. 2 டிகிரிக்குக் கீழே இருந்து 11 டிகிரிக்கு மேலே வரைக்கும் விடைகள் வந்தன. மற்ற விஞ்ஞானிகள் சரிபார்த்த பிறகுதான் இதழில் அச்சானது. ஆனாலும் எழுதியவர்கள் திட்டத்தோடு இருப்பவர்களே. என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல இதைக் காட்டலாம். உலகம் கண்டுகொண்டது என்று சொல்ல வேறு வேண்டும்.

உலகம் கண்டுகொண்ட கதையும் அங்கேயே இருந்தது. பத்திரிகைகள் '11 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டன. பல செய்திகள் பல்கலைக்கழகத்தின் அறிக்கையைத் திருப்பி எழுதியவை, அவை தேறாது. சிலர் மட்டும் வெளி விஞ்ஞானிகளிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். அந்த 11 என்பது மூலையில் கிடக்கும் ஒரு விடை, பெரும்பாலான ஓட்டங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, அதைத் தலைப்பாக்கியது சரியா என்று சண்டை நடந்தது. அவன் முதல் கட்டுரையில் இந்தச் சண்டையை மறைத்திருந்தான். திட்டத்துக்குக் கெட்ட பேர் வருமே என்று! உண்மையில் அவன் தேடிக்கொண்டிருந்த சான்றே அதுதான். சம்பந்தமில்லாத ஒருவர் நேரம் செலவழித்துத் திட்டியிருக்கிறார் என்றால், கவனித்திருக்கிறார் என்று அர்த்தம். பாராட்டுத்தான் வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை.

2006ல் பி.பி.சி. தொலைக்காட்சி இந்தத் திட்டத்தோடு சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தியது. பி.பி.சி. பெயரைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். பிறகு யோசித்தால், பி.பி.சி. இதில் பங்குதாரர். பங்குதாரர் எழுதுவதை வெளியாள் சொன்னது என்று எப்படிக் காட்டுவது? அந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் நடந்தது. ஒரு உள்ளீட்டுக் கோப்பில் பிழை. சில மாதங்கள் ஓடின பிறகு ஏப்ரலில்தான் கண்டுபிடித்தார்கள். தன்னார்வலர்கள் மறுபடி முதலில் இருந்து ஓட்ட வேண்டியிருந்தது. கரண்ட் போய் ஒரு ராத்திரி வேலை வீணானாலே அவனுக்கு வயிறு எரியும். மாதக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். கட்டுரையில் இது கட்டாயம் வர வேண்டும் என்று பக்கத்தில் ஒரு கோடு போட்டான்.

கடைசியில் கெட்டியான சான்று கிடைத்தது ஐ.பி.சி.சி. அறிக்கைகளில். உலக நாடுகள் சேர்ந்து அமைத்த பருவநிலைக் குழு அது. 2007 அறிக்கையில் 2005ஆம் வருட முடிவை மற்ற ஆய்வுகளோடு வைத்து எடைபோட்டிருந்தார்கள். 2011ல் இதே திட்டத்தின் ஓட்டங்களை வைத்து இங்கிலாந்தின் 2000ஆம் வருட வெள்ளத்தைப் பற்றி ஒரு ஆய்வு வந்திருந்தது. மனிதன் விட்ட வாயுக்கள் அந்த வெள்ளத்துக்கான வாய்ப்பைக் கூட்டியிருக்கின்றன என்பது அதன் முடிவு. அதையும் 2013 அறிக்கை எடுத்துப் பேசியது. வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்த்தது என்பது இதுதான்.

நோட்டின் கடைசி வரிசையில் ஒன்று மிச்சம் இருந்தது. அவனுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானதும் அதுதான்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் கொட்டிய மழை. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அந்த மழையைப் பற்றி 2016ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. நெதர்லாந்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்போர்டின் ஃபிரிடரிக்கே ஆட்டோ, கார்ஸ்டன் ஹாஸ்டைன், டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் ஆகியோர் எழுதியது. அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று கிளைமேட்பிரடிக்ஷன்.நெட்டின் கிளையான வெதர் அட் ஹோம். அதாவது, சென்னையில் பெய்த மழையை முகம் தெரியாத யார் யாரோ தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ராத்திரி பகலாகத் திரும்பத் திரும்பப் பெய்ய வைத்திருக்கிறார்கள். தன் கரண்டில் சீமைக்காரனுக்குக் கணக்கு என்று அப்பா சொன்னாரே, சீமைக்காரன் கரண்டில் சென்னைக்கும் கணக்கு நடந்திருக்கிறது.

ஆவலோடு முடிவைப் படித்தான். புவி வெப்பமடைதலின் விளைவு எதுவும் அந்த மழையில் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. காற்றில் மிதக்கும் தூசும் புகைத்துகள்களும் வெப்பத்தின் விளைவை இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்று காரணமும் சொல்லியிருந்தார்கள்.

அவன் எதிர்பார்த்தது வேறு. வெள்ளத்தில் பாயும் பாத்திரமும் மிதந்ததைப் பார்த்தவன். குற்றவாளி யார் என்று இயந்திரம் விரலை நீட்டிச் சொல்லும் என்று நம்பித்தான் இத்தனை ராத்திரி ஓட்டினான். அது 'கண்டறியப்படவில்லை' என்கிறது. முதல் கட்டுரையின் வரைவில் அவன் ஒரு வரி எழுதி வைத்திருந்தான், சென்னை வெள்ளத்துக்குக் காரணம் புவி வெப்பமே என்று இத்திட்டம் நிரூபித்தது என்று. எங்கும் படிக்காமல், அப்படித்தான் இருக்கும் என்று எழுதிய வரி. யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். படித்தவர்கள் எல்லாம் தலையாட்டியிருப்பார்கள்.

அந்த வரியை அடித்தான். ஆய்வில் இருந்தபடியே எழுதினான். கண்டறியப்படவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதை விளக்க ஒரு வாக்கியம் சேர்த்தான். ஒரு திட்டம், தன் ஆதரவாளர்கள் கேட்க ஆசைப்படுவதைச் சொல்லாமல் கணக்கில் வந்ததைச் சொல்கிறது என்பதைவிட அதற்குப் பெரிய மதிப்பு என்ன இருக்க முடியும்? ஆனால் கலைக்களஞ்சியத்தின் கணக்கில் இதுவும் துணைச் சான்றுதான். ஆய்வுக்கு இந்தத் திட்டம் ஒரு கருவி. ஆய்வின் பொருள் மழை.

அன்று சாயங்காலம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னான். கம்ப்யூட்டர் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது, ஒரு கட்டம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்று.

"அம்பதுன்னா இங்கருந்து எதுவரைக்கும்?"

"தாம்பரம் வரைக்கும் ஒரே கட்டத்துல அடங்கிடும் நைனா."

"அப்ப நம்ம ஆறு அதுல தெரியாது?"

"தெரியாது."

"ஆத்து வாயி மண்ணு மூடுனது, சாம்பல் ரொம்புனது?"

"அதுவும் தெரியாது."

அவர் ஒன்றும் சொல்லாமல் வலையைத் தொடர்ந்தார். மழை எவ்வளவு பெய்தது என்பது ஒரு கேள்வி. பெய்த மழை ஏன் கடலுக்குப் போகாமல் வீட்டுக்குள் வந்தது என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்கு ஆக்ஸ்போர்டில் பதில் இல்லை. அது ஆற்றுவாயில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் எழுதியது எதுவும் சான்று வரிசையில் இல்லை.

கட்டத்தில் ஆறு தெரியாதது கம்ப்யூட்டரில் மட்டும் நடந்த விஷயமும் இல்லை. எண்ணூர் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017ல் ஒரு குற்றச்சாட்டை வெளியே கொண்டுவந்தார்கள். மத்திய அரசு 1996ல் ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், மாநிலத்தில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் காணவில்லை என்பதுதான் அது. தினமும் படகு விடுகிற தண்ணீர், காகிதத்தில் இல்லை! அதே வருடம் ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல் எண்ணூரில் படமாக்கப்பட்டு வந்தது. வெளியில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், எழுதினார்கள். அதன் பிறகுதான் எண்ணூர்க் கழிமுகம் என்ற பெயர் நகரத்தின் மற்ற பக்கத்திலும் தெரிந்தது.

குறிப்பிடத்தக்கமை விதியின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு டோனா ஸ்ட்ரிக்லாண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. போதுமான சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வருடம் அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. விதிப்படி பார்த்தால் திருப்பியவர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். அவரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அதுவரை போதுமான அளவு எழுதவில்லை. உலகம் எதைப் பார்க்காமல் விட்டதோ அதைக் கலைக்களஞ்சியமும் பார்க்காது.

இதைச் சரிசெய்ய முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2011ல் பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபாலா, அச்சில் இல்லாத அறிவை வாய்மொழிச் சான்றாக விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியுமா என்று ஒரு பரிசோதனை செய்தார். கேரளத்துக் கிராம விளையாட்டு மாதிரி விஷயங்களை, தெரிந்தவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் காட்டினார்கள். வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை: பேசுகிறவர் சொல்வது சரி என்று மூன்றாவது ஆள் எப்படிச் சோதிப்பது? வகுப்புத் தோழன் சொன்ன குறுக்கு வழிக்கும் இதற்கும் நடுவே வேலி எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்கு அந்த மாணவனிடம் பதில் இல்லை. வேலி தேவை என்பது மட்டும் அவனுக்கு இப்போது புரிந்திருந்தது.

கட்டுரையை மறுபடி எழுதினான். முன்பைவிடச் சின்னது. மனித குலம், மகத்தான சேவை எல்லாம் போய்விட்டது. திட்டம் என்ன, யார் தொடங்கினார்கள், என்ன முடிவு வந்தது, யார் எதற்காகக் குறை சொன்னார்கள், 2006 பிழை, ஐ.பி.சி.சி. எடைபோட்டது, சென்னை ஆய்வின் முடிவு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சான்று. சில நாள் விவாதத்துக்குப் பிறகு தலையில் இருந்த பட்டையை எடுத்துவிட்டார்கள். முன்பு குறிப்பு எழுதிய அதே பெரியவர், இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு நன்றி என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார்.

அதே நீள நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி இப்போது இன்னொரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறான். தலைப்பு: முகத்துவாரக்குப்பம். அங்கேயும் அதே சல்லடை. தான் பார்த்தது, அப்பா சொன்னது எல்லாம் ஒரு பக்கம், பென்சிலில். வெளியாட்கள் எழுதியது இன்னொரு பக்கம், பேனாவில். விடுமுறை நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறான். பேனாப் பக்கத்தில் வருகிறதெல்லாம் எண்ணெய், சாம்பல், செத்த மீன். ஊர் பேர் அச்சில் ஏற வேண்டுமானால் ஏதாவது கெட்டது நடக்க வேண்டும் போலிருக்கிறது. எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்கு ஆற்றில் எறா ஏறும் என்பது மாதிரி விஷயம் எல்லாம் பென்சில் பக்கத்தில்தான் நிறைகிறது.

"நம்ம ஊருக்கும் எழுதிட்டியா?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார்.

"இன்னும் இல்ல நைனா. நாமளே சொன்னா செல்லாது. மத்தவங்க எழுதுனத தேடிக்கினு கீறேன்."

"வாங்க ஆளே வராத கரையில நல்ல மீனும் கருவாடுதான்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"வந்து பாத்து எழுதச் சொல்லி யாரையாவது கூப்புடணும்."

"கூப்புடு. வந்தா எறா கொழம்பு வெக்கச் சொல்றேன்."

சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் கரண்டு பில்லைப் பற்றிக் கேட்கவில்லை.